பிளேடால் அறுத்த பக்கம்

அத்தியாயம் பதினொன்று

சவரம் செய்கிற பிளேடு சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. என் மகன் அதைக் கையில் எடுத்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சட்டப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை அடியோடு அறுத்துக்கொண்டிருந்தான். நாக்கு ஓரமாகக் கடிபட்டிருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளை படம் வெட்டி ஒட்டுவதுபோல.

காலை ஏழு மணி. நான் நடைப்பயிற்சி முடித்து உள்ளே வந்திருந்தேன்.

"என்னடா பண்ற?"

பிளேடு நழுவிக் கட்டைவிரலைக் கீறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்லப்பா. சும்மா."

சும்மா எவனும் சட்டத்தை அறுக்க மாட்டான்.

அது நான் கொடுத்த புத்தகம். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் சலவைக்கூடத்தின் சங்கப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, சங்கம் அந்தச் சட்டத் தொகுப்பை ஒரு ரிங் ஃபைலில் போட்டுக் கொடுத்தது. அட்டை வளைந்து, ஜவுளிக்கடை பில் கட்டு மாதிரி இருந்தது. பதினெட்டு வருஷம் அதே சலவைக்கூடத்தில் சங்கச் செயலாளராக இருந்தவன் நான். என் மகன் கையில் அப்படி ஒன்று இருக்கக் கூடாது என்று, நல்ல பைண்டரிடம் கொடுத்துத் தைத்து, கருஞ்சிவப்பு அட்டை போட்டு, பொன் எழுத்தில் அவன் பெயரையும் அதன் கீழே என் பெயரையும் பொறிக்கச் செய்தேன். கூடத்துக் கண்ணாடி அலமாரியில்தான் அது இருக்கும்.

அதைத்தான் இவன் அறுத்துக்கொண்டிருந்தான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்கு முந்தின நாள் மாலையிலிருந்து தெரியும். இஸ்திரிப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றதைப் போன வாரம் எழுதியிருந்தேன். சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி இயந்திரத்தில் வேலை செய்த பெண். கர்ப்பம் என்று சொன்ன மறுவாரமே அவளை அழுக்குத் துணி எண்ணும் அறைக்கு மாற்றி, வேலைத் தரத்தையும் ஒரு படி இறக்கிவிட்டார்கள். சமத்துவச் சட்டப்படி அது குற்றம். அவள் என் மகனிடம் கேட்டாள். புகார் கொடுக்க ஆறு மாதம் இருக்கிறது, அவசரப்படாதே என்று அவன் சொன்னான்.

சட்டம் மாறிவிட்டது. ஆறு மாதம் மூன்று மாதமாகிவிட்டது. அது தெரியாமல் அவள் தாமதித்துத் தீர்ப்பாயத்துக்குப் போனபோது, காலம் கடந்துவிட்டது என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அவளுக்கு ஆறாவது மாதம். நியாயம் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தவளிடம் என் மகன், "நாளைக்குப் பேசலாம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

என் மருமகள் பின்வாசல் வழியாகப் போய் அவளோடு பேசினாள். அதற்காக இரவு முழுக்க வீட்டில் ஒரே உறுமல்.

மருமகள் இப்போது சமையலறையிலிருந்து டீயோடு வந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"அறுத்து முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு. இந்தா, இதை எடுத்துட்டுப் போய் அந்த ஜெராக்ஸ் இருக்கிற இடத்துல வச்சுடு. ஜெராக்ஸைக் கிழிச்சுப் போட்டுடு. ரெண்டு நிமிஷ வேலை."

"என்ன ஜெராக்ஸ்?" என்றேன்.

மகன் விரலை ஊதிக்கொண்டான். மருமகள்தான் பதில் சொன்னாள்.

அவளுக்குச் சங்கத்தின் தலைமை அலுவலகத்தில் வேலை. சட்டம் எங்கே மாறினாலும் அந்தப் பக்கத்தைப் புதிதாக அச்சடித்து நூற்று நாற்பது பிரதிநிதிகளுக்கும் அனுப்புவார்கள். பிரதிநிதி தன் ஃபைலைத் திறந்து பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாளை மாட்ட வேண்டும். 'மாற்றிவிட்டேன்' என்ற சீட்டில் கையெழுத்துப் போட்டு, எடுத்த பழைய தாளையும் சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பழைய தாள் வந்து சேர்ந்தால்தான் அவர் மாற்றினார் என்று அர்த்தம். அனுப்புவதும், திரும்பி வந்ததைப் பதிவேட்டில் குறிப்பதும் என் மருமகளின் பொறுப்பு.

"இவர் பழைய தாளை அனுப்பலை மாமா. அதை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிட்டார். சீட்டுல மாற்றிவிட்டேன்னு கையெழுத்தும் போட்டிருக்கார்."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன். வீட்டுக்காரராச்சேன்னு டிக் அடிச்சேன்."

"ஏண்டா அப்படி அனுப்பின?"

"நேரமில்லப்பா" என்றான். அவன் கண் புத்தகத்தின் முதுகில் போய் நின்று திரும்பியது. மருமகளும் அதைத்தான் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

பிறகு அவன் தன் திட்டத்தைச் சொன்னான். மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"புதுத் தாள்ல கடைசிப் பத்தி ஒண்ணு இருக்கு. சங்கப் பிரதிநிதி தப்பாச் சொன்னதால தாமதமாச்சுன்னு நிரூபிச்சா, விஷயம் தெரிஞ்ச பத்து நாளுக்குள்ள மனுவைத் திரும்ப வாங்கிக்குவாங்க. இவதான் அதை அந்தப் பொண்ணுகிட்ட பின்வாசல்ல போய் ஓதியிருக்கா. இன்னிக்குப் பத்தாவது நாள். இன்னிக்குச் சாயங்காலம் தாண்டிட்டா முடிஞ்சது. அவ என்கிட்ட கேட்கவே இல்லன்னு சொல்லிடுவேன். கேட்டிருந்தா சரியாச் சொல்லியிருப்பேன், என் புத்தகத்துல புதுத் தாள் இருக்குன்னு சொல்லுவேன். யாராவது தலைமை அலுவலகத்துல போய்த் தோண்டினா, ரெக்கார்டு சுத்தமா இருக்கணும். அவ்வளவுதான். அடுத்த மாசம் தேர்தல்பா."

"தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா அந்தப் பொண்ணு பொழைச்சுக்குவா" என்றாள் மருமகள்.

"எழுதிக் குடுத்தா நான் பொழைக்க மாட்டேன்."

அன்று காலை நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை. எங்கள் வீட்டில் ஒருவன் தவறான சட்டம் சொன்னான் என்ற பேச்சு அந்தச் சலவைக்கூடத்தில் எழுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் சொன்னேன்:

"ஒரு தாள்தானேம்மா. குடும்பத்து மானம். வச்சுட்டு வந்துடு."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அறுத்த தாளை ஒரு உறையில் போட்டாள். சாப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பெரியவர் சொன்னால் தட்டாத மருமகள் என்று அப்போது நான் பெருமைகூடப் பட்டேன்.

என் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நல்லவேளை.

---

மதியம் இரண்டு மணிக்கு நான் சலவைக்கூடத்துக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம் பதமாகப் பேசி, மேலாளரிடம் சொல்லி அவளைப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டால், புகாரே வேண்டாமே என்பது என் எண்ணம். என் காலத்தில் இப்படி எத்தனையோ பேசி முடித்திருக்கிறேன்.

வாசல் காவலாளி எழுந்து நின்றார்.

"வாங்க ஐயா. ஷரத்து உள்ளதான் இருக்கார்."

என் மகனுக்கு அங்கே அதுதான் பெயர். எதற்கெடுத்தாலும் இத்தனையாம் ஷரத்துப்படி என்று ஆரம்பிப்பான். மரியாதையாக வைத்த பெயர் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டுக் காவலாளி மீசைக்குள் சிரித்ததை அன்றுதான் கவனித்தேன்.

கூடத்துக்குள் அதே நீராவி, அதே இரைச்சல். வெளுத்த விரிப்புகள் உருளைகளுக்கு நடுவே நுழைந்து தகடுபோல் வெளியே வந்துகொண்டிருந்தன. பெண்கள் இரண்டிரண்டு பேராக நின்று மூலை பிடித்து மடித்தார்கள். பலர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருத்தி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

அழுக்குத் துணி அறை பின்பக்கம், கழிவுநீர்த் தொட்டியை ஒட்டி இருக்கிறது. முப்பத்தோரு வருஷம் அந்தக் கூடத்தில் வேலை செய்தவன் நான். அந்த அறைக்குள் மொத்தமாக ஒரு மணி நேரம் நின்றிருப்பேனா என்பது சந்தேகம். கதவைத் திறந்ததும் வாடைக்கு ஓரடி பின்வாங்கினேன்.

மூன்று மருத்துவமனைகளின் துணி அங்கேதான் முதலில் வந்து விழும். நீலப் பைகளை அவிழ்த்துக் கொட்ட வேண்டும். விரிப்பு, தலையணை உறை, நோயாளி அங்கி என்று பிரித்து எண்ண வேண்டும். இரத்தம் பட்டது தனி, மலம் பட்டது தனி. ஒரு தொட்டியின் விளிம்பில் நாலு ஊசிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அன்று காலை துணிக்குள்ளிருந்து கிடைத்தவையாம்.

அவள் வயிறு தொட்டியில் இடிக்காமலிருக்கப் பக்கவாட்டில் நின்று குனிந்து எண்ணிக்கொண்டிருந்தாள். கையுறையின் கட்டைவிரல் கிழிந்திருந்தது.

"ஐயா! நீங்க எதுக்கு இங்க?" என்று பதறி நிமிர்ந்தாள். "மூக்கைப் பொத்திக்குங்க, பரவாயில்ல. எம் புள்ள பொறக்கும்போதே முகமூடியோடதான் பொறக்கும்."

"உன்னை ஏன்மா இங்க போட்டாங்க?"

"இஸ்திரிச் சூடு வயித்துக்கு ஆகாதாம். ரொம்ப அக்கறை."

நான் பேச வந்ததைத் தொடங்கினேன். மேலாளர், பழைய இடம், சமாதானம் என்று ஏதேதோ சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். எண்ணிக்கை விட்டுப்போகாமலிருக்க ஒரு விரிப்பை மட்டும் முழங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"ஐயா, இதெல்லாம் மூணு மாசம் முன்னாடி உங்க பையன் சொல்லியிருந்தா கேட்டிருப்பேன். ஆறு மாசம் இருக்கு, நான் பார்த்துக்கறேன்னார். தீர்ப்பாயத்துல கேக்குறாங்க, அவர் சொன்னதுக்கு எழுத்துல என்ன இருக்குன்னு. உங்க வீட்டு ஆளுங்க வாயால சொன்னா எழுதி வாங்கற பழக்கம் இங்க யாருக்கு இருக்குங்க? உங்க காலத்துல யாராச்சும் வாங்கினாங்களா?"

வாங்கவில்லை. என் சொல்லை ஒருவரும் எழுதிக் கேட்டதில்லை. அதுதான் என் வாழ்நாள் சம்பாத்தியம் என்று நினைத்திருந்தேன். அதை நம்பி இந்தப் பெண் மூன்று மாதம் இந்த நாற்றத்தில் நின்றிருக்கிறாள்.

அப்போது வாசலில் என் மகன் வந்து நின்றான். நான் வந்திருப்பதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தான். ஒரு காலைக்கூட அறைக்குள் வைக்கவில்லை.

"ஏம்மா, நீ என்கிட்ட எப்போ கேட்ட? தேதி சொல்லு."

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க? ரெண்டாவது உருளைகிட்ட நின்னுதானே கேட்டேன். என்னை மாத்தின அன்னிக்கு. நீங்க டீ குடிச்சுட்டு வந்தீங்க."

"சாட்சி யாரு?"

"நீங்கதான் சாட்சி."

"நூத்துப் பன்னிரண்டாம் பக்கத்து ஷரத்துப்படி, புகாரை மூணு மாசத்துக்குள்ள கொடுக்கணும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சவன் ஆறு மாசம்னு எதுக்குச் சொல்லப்போறேன்?"

கைக்குட்டைக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். புதுத் தாளை முந்தின நாள்தான் முதல்முதலாகப் படித்திருக்கிறான். அதற்குள் மனப்பாடமாக ஒப்பிக்கிறான், அவள் முகத்துக்கு நேரே, அவள் குனிந்து நிற்கும்போது.

அவள் கத்தவில்லை. கையுறையைக் கழற்றிச் சுவரில் ஓங்கி அடித்தாள். அது ஒட்டிக்கொண்டு நின்று, மெதுவாக வழுக்கி விழுந்தது.

"சரிங்க ஷரத்து" என்றாள்.

---

நடைபாதையில் அவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"நீங்க ஏம்பா இங்க வந்தீங்க? அவ பேசறதைக் கேட்டா நாளைக்கு உங்களைச் சாட்சியாக் கூப்பிடுவா. அது தோணலையா உங்களுக்கு?"

"தோணலை" என்றேன். "நீ அவகிட்ட சொன்னியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"சொன்னேன்பா! தெரியாமச் சொன்னேன். அதுக்காகத் தலையைக் கொண்டுபோய் நீட்டணுமா?"

"உன் பொண்டாட்டியை அந்தத் தாளை மாத்தச் சொல்லியிருக்கியே. அது வெளிய வந்தா?"

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"வந்தா அது அவ பதிவேடு, அவ டிக். என் கையெழுத்து எங்கயும் புதுசா இல்லையே. அவளுக்கு இந்த வேலை போனா இன்னொரு வேலை. எனக்கு இது பேருப்பா. உங்க பேருந்தான்."

இவ்வளவு தெளிவாக யோசித்து வைத்திருக்கிறான்! காலையில் அவளிடம் தாளை நீட்டும்போதே இதை யோசித்துத்தான் நீட்டியிருக்கிறான். அந்தத் தாளை வைத்துவிட்டு வா என்று அவளிடம் சொன்னவன் நான்.

வாசலுக்கு வெளியே வந்து சாக்கடை ஓரத்தில் துப்பினேன். அழுக்கு அறையின் வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைவிட மோசமானது ஒன்று என்னோடு பஸ் ஏறியது.

---

சங்க அலுவலகத்தின் மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவள் தாளை மாற்றியிருந்தால் திரும்ப எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்று, இரண்டிரண்டு படியாக ஏறினேன். அறுபத்தெட்டு வயதில் செய்கிற காரியமல்ல.

மருமகள் தன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். சுவர் முழுக்க இரும்பு அலமாரி. நூற்று நாற்பது பிரதிநிதிகளிடமிருந்து திரும்பி வந்த பழைய தாள்கள் நூல் கட்டி அடுக்கியிருந்தன. அவள் எதிரே அறுத்த தாள் இருந்தது. பக்கத்தில் ஒரு கட்டு ஜெராக்ஸ்.

"வச்சுட்டியாம்மா?" மூச்சு வாங்கியது எனக்கு.

"இல்ல மாமா."

"நல்லவேளை."

அவள் சிரித்துவிட்டாள். "காலையில வைன்னீங்க, இப்ப நல்லவேளைங்கறீங்க. உக்காருங்க முதல்ல. தண்ணி குடிங்க."

குடித்தேன். அவள் இன்னொரு பிரதிநிதியின் பழைய தாளை உருவி, அறுத்த தாளின் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன வித்தியாசம் பாருங்க."

முதலில் எனக்குப் புலப்படவில்லை. பிறகு தெரிந்தது. அந்தத் தாளின் ஓரத்தில் ரிங் மாட்டுகிற இரண்டு ஓட்டைகள் இருந்தன. எங்கள் தாளில் இல்லை.

"பைண்டர் ஓரத்தை வெட்டிட்டுத் தைச்சிருக்கார் மாமா. ஓட்டை அதோட போச்சு. இதைக் கொண்டுவந்து வச்சிருந்தா குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும். அதை விடுங்க." அவள் கொஞ்சம் தயங்கினாள். "தைச்ச புத்தகத்துல எந்தத் தாளைக் கழட்டறது? புதுசை எங்க மாட்டறது? முதல் தாள் வந்தப்பவே என்கிட்ட புலம்பினார். மாமாகிட்ட சொல்லிப் பிரிச்சுடுங்கன்னேன். அப்பா மனசு நோகும்னார். ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினார். அப்புறம் அதுவே பழகிப்போச்சு. புதுத் தாளைப் படிக்கறதையும் விட்டுட்டார். ரெண்டு வருஷத்துல பதினேழு தாள். எல்லாம் எங்க பீரோ மேல உறையோட கிடக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"வர்றவங்க எல்லார்கிட்டயும் அலமாரியைத் திறந்து எடுத்துக் காட்டுவீங்களே மாமா. எப்படிச் சொல்லறது?"

என் மகனை மனசுக்குள் திட்டியதெல்லாம் இப்போது என் மேலேயே வந்து விழுந்தது. ஆனாலும் அவன் செய்தது அவன் செய்ததுதான். தைத்தவன் நான், அறையில் அந்தப் பெண்ணைப் பார்த்து, நீ எப்போது கேட்டாய் என்றவன் நானில்லை.

"மதியம் பதினேழு ஜெராக்ஸையும் எடுத்துட்டுப் போய் எங்க ஆபீஸ் செயலாளர்கிட்ட காட்டிட்டேன்" என்றாள். "தெரிஞ்சேதான் டிக் அடிச்சேன்னு சொன்னேன். நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம்னுட்டார், விசாரணை முடியற வரைக்கும். நியாயந்தானே? ஆனா ஒண்ணு கேட்டார் மாமா, அதுக்குத்தான் எனக்குப் பதில் தெரியல."

"என்ன?"

"இந்த ரெண்டு வருஷத்துல இவர்கிட்ட சட்டம் கேட்டுப் போனவங்க மொத்தம் எத்தனை பேருன்னு."

சலவைக்கூடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட மடிப்புக்காரி ஞாபகத்துக்கு வந்தாள். அவளும் அவர்களில் ஒருத்தியோ?

"அந்தப் பொண்ணோட மனுவுக்குச் செயலாளர் சான்று குடுத்திருக்கார், பழைய தாள் திரும்பி வரலைன்னு. ஆனா புதுத் தாள் அந்தப் புத்தகத்துல ஏறவே இல்லைன்னு, புத்தகத்தைப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தர் எழுதிக் குடுத்தா உறுதியா இருக்கும்கறார். அஞ்சு மணிக்குத் தீர்ப்பாயம் மூடிடும்."

மணி மூன்றே முக்கால்.

"பேப்பர் குடு" என்றேன்.

என் பேனாவை எடுத்து, இன்ன தேதியில், இன்ன பைண்டரிடம், என் சொந்த விருப்பத்தில் புத்தகத்தைத் தைக்கக் கொடுத்தேன் என்று எழுதினேன். தைத்த பிறகு அதில் எந்தத் தாளையும் கழற்றவோ மாட்டவோ முடியாது, அதன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இன்று காலைவரை ஆறு மாதம் என்றே இருந்தது என்றும் எழுதினேன். பிரதிநிதி அந்தப் பெண்ணிடம் ஆறு மாதம் என்று சொன்னதை இன்று என்னிடம் ஒப்புக்கொண்டார் என்று கடைசி வரி. அந்த வரிக்கு மட்டும் இரண்டு முறை பேனாவை மூடித் திறந்தேன்.

---

தீர்ப்பாயத்தில் ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருந்தது. மருமகள் போனில் கூப்பிட்டதால் இஸ்திரிப் பெண் ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தாள், குளிக்க நேரமில்லை. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். பின்னால் நின்ற அம்மாள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் இவர்கள் படுக்கிற விரிப்பின் நாற்றம்தான் அது. அதே விரிப்பு வெளுத்து, மடித்து, சூடாக வந்தால் கன்னத்தை வைத்துப் படுப்பார்கள். நான் நகர்ந்து அவள் தோளை ஒட்டி நின்றேன்.

"நாறும் ஐயா" என்றாள்.

"நானும் அங்கேருந்துதாம்மா வர்றேன்."

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் மூக்குக் கண்ணாடியை உயர்த்தி ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். சான்று. ஜெராக்ஸ். ஓட்டையில்லாத தாள். என் வாக்குமூலம்.

"பிரதிநிதிக்கு நீங்க என்ன வேணும்?"

"அப்பா."

அவர் கண்ணாடிக்கு மேலே என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். நான்கு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். மருமகளும் அந்தப் பெண்ணும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"மனு உள்ள வந்திருச்சு. ஏத்துக்கிட்டாச்சுன்னு அர்த்தமில்ல" என்றார் எழுத்தர். "வியாழக்கிழமை விசாரணை. அவர் வந்து, சொன்னேனா சொல்லலையான்னு சத்தியம் பண்ணிச் சொல்லணும். அவர் மறுத்தா உங்க எழுத்துக்கும் அவர் வாய்க்கும் நடுவுல தலைவர் முடிவு பண்ணுவார். தபால்ல அழைப்பாணை போனா வியாழனுக்குள்ள சேராது. மனுதாரர் தரப்புல யாராவது நேர்ல கொண்டுபோய்க் குடுக்கலாம். யார் குடுக்கறீங்க?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். மருமகள் கை நீட்டினாள்.

"நீ வேண்டாம்" என்று சொல்லி நான் வாங்கிக்கொண்டேன்.

---

வீட்டுக்குள் நுழையும்போது ஆறு நாற்பது. அவன் குளித்து, தலை வாரி, வாசனை அடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தான். அவ்வளவு வாசனை எதற்கு என்று எனக்குத் தெரியும்.

"என்ன ரெண்டு பேரும் சேர்ந்து வர்றீங்க? தாளை வச்சாச்சா?"

மருமகள் பதில் சொல்லாமல் உள்ளே போனாள். நான் அவன் முன்னால் போய் நின்று உறையை நீட்டினேன். தீர்ப்பாயத்தின் முத்திரையைப் பார்த்ததும் அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். ஐந்து வயதில் மருந்துக் கரண்டியைக் கண்டால் அப்படிச் செய்வான்.

"இது என்னப்பா?"

"அழைப்பாணை. வியாழக்கிழமை. வாங்கிட்டு இங்க கையெழுத்துப் போடு."

"நீங்களா கொண்டுவந்தீங்க?"

"நான்தான் கொண்டுவந்தேன். நான்தான் எழுதியும் குடுத்தேன். நீ என்கிட்ட சொன்னதை."

அப்போதாவது ஏதாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன்.

"நான் வாங்க மாட்டேன்" என்றான். "வீட்டுல இல்லன்னு எழுதித் திருப்பிக் குடுத்துடுங்க. ஊருக்குப் போயிருக்கான்னு எழுதுங்க. உங்க கையெழுத்துக்கு மேல யாரு கேள்வி கேக்கப்போறா?"

என் கையெழுத்து. அதற்கும் இவன் ஒரு பயன் கண்டுபிடித்துவிட்டான்.

உறையை டீப்பாய்மேல் வைத்தேன். அதோடு கொடுத்த சீட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.

'நேரில் கொடுக்கப்பட்டது. வாங்க மறுத்தார்.'

"அப்பா, அப்படி எழுதினா நான் வாங்கினதா ஆயிடும்! வியாழக்கிழமை போயே தீரணும்!"

"தெரியும்."

"போய் நான் என்ன சொல்லணும்? நீங்க பொய் சொல்றீங்கன்னா? அதைச் சொல்லவா என்னைக் கூப்பிடறீங்க?"

"அங்க நிக்கும்போது உனக்கு என்ன வருதோ அதைச் சொல்லு."

நேரத்தை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

அவன் போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனான். போகிற வழியிலேயே எண்ணை அழுத்தினான். எதிர்முனையில் எடுத்தவரிடம் அவன் பேசிய குரலை நான் இதற்குமுன் கேட்டதில்லை. அவ்வளவு பணிவு. அவ்வளவு குழைவு.

"மேனேஜர் சார், நான்தான் சார். அந்தப் பொண்ணு கேஸைப் பத்தி அன்னிக்கு ஒரு விஷயம் சொன்னீங்களே, யோசிச்சுச் சொல்றேன்னேனே..."

சமையலறை வாசலில் மருமகள் தட்டும் கையுமாக நின்றிருந்தாள். அவளும் கேட்டாள். அறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.